இரண்டாவது வரிசை

நவம்பர் 9, திங்கள். நேற்று எழுதியதில் ஒரு பிழை. விலங்குக் காட்சிசாலையின் வாசலில் ஒரே வரிசைதான் இருந்தது என்று எழுதியிருந்தேன். இரண்டு இருந்திருக்கிறது. நான் நின்றது ஒன்று. பார்க்காமல் விட்டது இன்னொன்று. வரிசை எத்தனை என்பதால் முடிவு மாறாது என்று நினைக்கிறேன். இருந்தாலும் திருத்திவிட்டேன்.

இதை எழுதும்போது சிந்துஜா நின்றுகொண்டிருந்தாள். சமையலறை வாசலில் இருந்த ஃபிரிட்ஜின் தலையில் நோட்டை வைத்து எழுதினாள். சாப்பாட்டு மேசை காலியாகத்தான் இருந்தது. நாற்காலியும் இழுத்துப் போட்டபடி கிடந்தது. அது அவள் கவனத்தில் படவில்லை.

நாள்தோறும் எழுதும் பழக்கம் மாலை வகுப்பிலிருந்து வந்தது. பகலில் அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மாலையில் ஆய்வக உதவியாளர் படிப்பு. அங்கே பாடம் எடுத்த நசீமா மேடத்துக்கு ஒரு முறை உண்டு. ஆய்வக நோட்டில் புதிதாக எதையும் எழுதுமுன் முந்தின நாள் செய்த தப்பை எழுத வேண்டும். முடிக்கும்போது மறுநாள் செய்ய வேண்டிய வேலையை எழுத வேண்டும். மற்ற மாணவர்கள் அதை ரத்த மாதிரிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். சிந்துஜா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிற ஆள் அவள். தன் கண்ணையே அவ்வளவாக நம்பாதவளுக்கு இப்படி ஒரு முறை கிடைத்தால் விடுவாளா?

அந்தக் குணத்தினாலேயே வீட்டில் எதையும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற வேலை அவளுடையதாயிற்று. இந்த வீட்டுக்குக் குடிவருமுன் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க அவளைத்தான் அனுப்பினார்கள். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பேசியபோதும் அவள் போய்ச் சமையல்கட்டின் சாக்கடை வரைக்கும் பார்த்து வந்து சொன்ன பிறகுதான் முன்பணம் கொடுத்தார்கள். மற்றவர்கள் சாவகாசமாகப் பின்னால் போவார்கள். முன்னால் போகிறவளுக்கு ஏதும் ஆகுமா என்று யாரும் யோசித்ததில்லை. தண்ணீர்க் குழாயும் மண்டபமும் யாரை என்ன செய்துவிடும்?

காட்சிசாலைப் பேச்சு வந்தது அவள் அப்பாவால்.

நந்தகோபால் டவுன் பஸ் ஓட்டியவர். திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் பெருமாநல்லூருக்கும் இடையே, ஒரே தடத்தில், ஆயுசில் பாதியைக் கழித்தவர். ஆளில்லாமல் தானே ஓடுகிற பேருந்துகள் வந்த வருஷம் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் சில மாதம் தூங்கித் தீர்த்தார். பிறகு நடக்கத் தொடங்கினார். வீட்டு முன்வாசல் பழைய பஸ் ஸ்டாண்டு. பின்பக்கத்து பால்கனி பெருமாநல்லூர். டிவிக்குப் பக்கத்தில் புஷ்பா தியேட்டர், சமையலறை வாசலில் பூலுவபட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு கணம் நிற்பார், கிளம்புவார். பால்கனிக்குப் போய்த் திரும்பும்போது வலது கையால் பெரிய ஸ்டியரிங்கை வளைக்கிற மாதிரி காற்றில் ஓர் இழுப்பு.

அவர் மனைவி கோகிலவாணி முதலில் சிரிக்கத்தான் செய்தாள். காய் நறுக்கிக்கொண்டே, "பூலுவபட்டி ஒண்ணு குடுங்க" என்று கையை நீட்டுவாள். இப்போது சிரிப்பதில்லை. சர்க்கரைக்காரருக்கு வலது பாதத்தில் புண் வந்துவிட்டது. கால் தரையில் படாமல் இருந்தால் ஆறிவிடும் என்றார் டாக்டர். அதுதான் முடியாத காரியமாக இருந்தது. உட்காரவைத்தால் முகமெல்லாம் வேர்த்து, நீரில் அமுக்கப்பட்டவர் போல மூச்சுக்குத் தவித்து எழுந்துவிடுவார். மாத்திரை கொடுத்தார்கள், நாக்கு குழறியது, நடை நிற்கவில்லை. ஒருநாள் டாக்டர் சொன்னபடி துணியால் கட்டிலோடு கட்டினார்கள். அவர் போட்ட சத்தத்தில் கோகிலவாணியே ஓடிவந்து அவிழ்த்துவிட்டு, அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பேன், அதற்குள் புண் வாடத் தொடங்கவில்லை என்றால் பாதத்தை எடுத்துவிடுவதுதான் உயிருக்கு நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு ஷர்மிளா தன் மகன் தர்ஷனை அழைத்துக்கொண்டு வந்தாள். தர்ஷனை அந்தக் குடியிருப்பில் தெரியாதவர்கள் கிடையாது. ஓர் இடத்தில் இருக்கமாட்டான். கட்டைவிரலால் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டு வருவான். ஆள்காட்டி விரல் முடிந்ததும் கையை ஒரு உதறு உதறி மறுபடி சுண்டுவிரலில் ஆரம்பிப்பான். பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையன் அன்றைக்கு சோபாவில் சாய்ந்து, மடியில் கைகளை வைத்துக்கொண்டு, முறுக்கு தின்றுகொண்டிருந்தான். கோகிலவாணி அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நொய்யல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற காட்சிசாலைக்குக் குடும்பமாகப் போய்வந்தோம், அவ்வளவுதான் என்றாள் ஷர்மிளா. அங்கே ஒவ்வொரு கூண்டுக்கும் எதிரில் இருக்கைகள் போட்டிருக்கிறார்களாம். கைப்பிடியில் செம்புத் தகடு. அதில் உள்ளங்கையை வைத்து மிருகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தால் உள்ளே இருக்கிற தவிப்பு இறங்கிவிடுமாம்.

"எங்க எறங்குதுங்க்கா?" என்று கேட்டாள் சிந்துஜா.

"கரண்டு எங்க எறங்குது, மண்ணுலதான? அந்த மாதிரி" என்றாள் ஷர்மிளா.

புஷ்பா தியேட்டரில் நின்றிருந்த நந்தகோபால் அங்கிருந்தே சொன்னார்: "பாதி ஆயுசு ஊரையே ஏத்தி எறக்குனவன நீங்க கொரங்கு காட்டக் கூட்டிட்டுப் போறீங்களாக்கும்." சொல்லிவிட்டுப் பூலுவபட்டிக்குக் கிளம்பிவிட்டார். அவர் மிதித்துப் போன தரையில் ஈரமாக ஒரு தடம் இருந்தது. கோகிலவாணி எழுந்து போய்த் துடைத்துவிட்டு வந்து, மகளைப் பார்த்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"நீ ஒருக்கா போய்ப் பாத்துட்டு வா சாமி. போற மாதிரி எடந்தானான்னு."

தீபாவளிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சிந்துஜா போனாள். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை முன்னதாகவே யோசித்து வைத்திருந்தாள். அப்பா நடக்க வேண்டிய தூரம், நிழல், கழிப்பறை, குடிதண்ணீர். எல்லாவற்றையும்விட ஒன்று: அந்த மிருகங்கள் என்ன பாடுபடுகின்றன? அப்பாவின் தவிப்பு ஏதோ ஒரு வாயில்லாப் பிராணியின் தலையில் இறங்குமானால் அதைச் செய்ய அவளுக்கு மனம் வராது.

தனியாக வருகிறவர்களுக்கு நுழைவு இலவசம் என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு டோக்கனும் தந்தார்கள். நல்ல இடமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு நின்றாள். வரிசையில் அவள் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிற வடநாட்டுப் பையன்கள். வழக்கமாக வரிசை ரோடு வரைக்கும் நிற்கும், தீபாவளியில் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றான் காவலாளி. ஒரு பலகையில் இந்தியிலும் ஒடியாவிலும் ஏதோ நெருக்கி எழுதியிருந்தது. அதற்குக் கீழே கைரேகை வைக்கச் சொன்னார்கள். எல்லோரும் வைத்தார்கள். அவளும் வைத்தாள்.

உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. புலி படுத்துக்கிடந்தது, வீட்டுப் பூனை மாதிரி. நரிகள் ஒன்றன்மேல் ஒன்று தலை வைத்துத் தூங்கின. கரடி ஒன்றுதான் நடந்துகொண்டிருந்தது. சுவரோரமாக ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு. திரும்புமிடத்தில் முன்னங்காலைத் தூக்கி ஓர் உதறு. அவள் கரடிக்கு எதிரில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பையன் ஏற்கெனவே கையைத் தகட்டில் வைத்து உட்கார்ந்திருந்தான். மிதிலேஷ் என்று பெயர் சொன்னான். பீகார்க்காரன், கட்டிங் செக்‌ஷனில் வேலை. அவளை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"அக்கா ஏன் இங்க? அக்காவுக்கு வீடு இல்ல?"

இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றாள். அவன் சிரித்தான். வாரம் தவறாமல் வருவானாம். சூப்பர்வைசரே அனுப்பிவைப்பாராம். இங்கே வந்து போனால் உட்காரத் தோன்றாது. நின்றே வேலை செய்யலாம், வெட்டுகிற பீஸும் அதிகம் விழும். "ரூம்ல எல்லாரும் என்னய ரயில்னு சொல்றாங்க" என்றான். "நைட்டு முச்சூடும் ஓடுது." அன்று சாயங்காலம் அவனுக்கு உண்மையான ரயில், பீகாரின் பெரிய பண்டிகையான சட் பூஜைக்கு ஊருக்குப் போகிறான். அம்மா முகம் பார்த்து வருஷமாகிவிட்டது என்றான். அவன் தமிழில் பாதிதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்த பாதியையும் அவள் வேலைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் கையை வைத்தாள். தகடு இளஞ்சூடாக இருந்தது. கரடியின் நடை தளர்ந்தது. ஒரு தடவை அவள் பக்கம் பார்த்தது. பிறகு சுவரோரமாகச் சாய்ந்து, பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. மிருகத்துக்கும் நல்லது, மனுஷனுக்கும் நல்லது என்று ஓர் இடம் இருக்க முடியுமா? இருக்கிறதே. அன்று சாயங்காலம் தீர்ப்பை எழுதினாள்: மிருகங்கள் நிம்மதியாக இருக்கின்றன. நிழல் போதும். அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கிடைக்கும். குடும்பத்தோடு போகத் தக்க இடம்.

திரும்பும் வழியில் பேருந்தில் அவள் உட்காரவில்லை. வண்டி முக்கால்வாசி காலி. ஜன்னல் பக்கம் நின்றால் காற்று வரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை, காட்சிசாலைக்கு விடுமுறை. புதன்கிழமை போகலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது ஷர்மிளா வந்தாள். அப்பா எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்று கோகிலவாணி கவலைப்பட்டாள். நிற்கவே வேண்டாம், குடும்ப வரிசையில் மெத்தை நாற்காலி போட்டு மின்விசிறி வைத்திருக்கிறார்கள் என்றாள் ஷர்மிளா. அப்படி எதுவும் பார்க்கவில்லையே என்று சிந்துஜா யோசித்தாள். இரண்டு வரிசை என்பது அப்போதுதான் தெரிந்தது. வழக்கம்போலத் தன்மேல் எரிச்சல் வந்தது. நோட்டை எடுத்து ஃபிரிட்ஜின் மேல் வைத்துத் திருத்தினாள்.

எழுதி முடித்துத் திரும்பியபோது ஷர்மிளாவின் பேச்சு நின்றிருந்தது. அவள் சிந்துஜாவின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிந்துஜாவும் பார்த்தாள். கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டது. மோதிரவிரல். நடுவிரல். ஆள்காட்டி விரல். கை தானாக ஓர் உதறு உதறிவிட்டு மறுபடி சுண்டுவிரலுக்குப் போனது.

"நீ எங்க உக்காந்த?" என்றாள் ஷர்மிளா. குரல் மெல்ல வந்தது.

"கரடிக்கு முன்னால."

"நாங்களும் கரடிக்கு முன்னாலதான்."

ஷர்மிளா, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போனாள். எதிர்வீட்டுக் கதவு சாத்தும் சத்தமும், உள்தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டன. பகலில் அந்தக் கதவைத் தாழ் போட்டு அவர்கள் பார்த்ததில்லை. கோகிலவாணி வெங்காயம் உரிப்பதில் மும்முரமாக இருந்தாள். அவள் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அன்று மாலை வகுப்பில் நுண்நோக்கியில் ரத்த அணுக்களைப் பார்க்கும் பாடம். நுண்நோக்கியை உட்கார்ந்துதான் பார்க்க முடியும். சிந்துஜா உட்கார்ந்தாள். அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று ஏறிவந்து தொண்டையைப் பிடித்தது. எழுந்தாள், அது இறங்கியது. மறுபடி உட்கார்ந்தாள். அப்பாவின் முகம் ஏன் அப்படி வேர்க்கிறது என்பது அவளுக்கு முதல்முறையாக விளங்கியது. நசீமா மேடம் அருகில் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை மேடம், சும்மாதான் என்று சொல்லிவிட்டுப் பின்சுவரோரமாகப் போய் நின்றாள். சற்று நேரத்தில் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காட்சிசாலைக்குப் போனாள். பார்வையாளர் அலுவலர் ஜெபராஜ் என்பவர் அறைக்குள் அனுப்பினார்கள். நாற்பது வயது இருக்கும், மரியாதையான மனிதர். உட்காருங்க என்றார். அவள் நின்றதைப் பார்த்ததும் வற்புறுத்தவில்லை.

"நீங்க தனி வரிசைல வந்தீங்களா?" என்று கேட்டார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "காவலாளி கேட்டிருக்கோணும். தமிழாளுங்க தனியா வர்றதில்லைங்க, அதனால அவனுக்குத் தோணல."

அவர் எதையும் மறைக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிக பயத்தைத் தந்தது. தவிப்பு என்பது அழிகிற பொருளில்லை என்று விளக்கினார். ஓர் உயிரிடமிருந்து எடுத்தால் இன்னொரு உயிரிடம் வைத்தாக வேண்டும். மனிதரிடமிருந்து மனிதருக்கு நேராகப் போகாது. நடுவில் ஒரு மிருகம் வேண்டும். குடும்பங்கள் காலையில் வந்து இறக்கி வைப்பதை மிருகம் கொஞ்ச நாள் சுமக்கும். பிறகு தனி வரிசையில் வருகிறவர்கள் மத்தியானம் அதே தகட்டில் கை வைத்து அதை வாங்கிக்கொண்டு போவார்கள். நோய் போகாது, நினைவு போகாது, உட்கார முடியாத அந்தத் தவிப்பு மட்டும்தான். சில நேரம் சின்னப் பழக்கம் ஏதாவது ஒட்டிக்கொண்டு போகும். அவள் கையைப் பார்த்து, இந்த மாதிரி என்றார்.

"மிருகத்துக்கிட்டயே விட்டா என்னங்க?"

"முடியாதுங்களே. மிருகத்துக்குச் சட்டம் இருக்குது. இத்தனை நாளைக்கு மேல அதுக மேல சுமை இருக்கக்கூடாதுன்னு மாசாமாசம் வந்து சோதிக்கிறாங்க. கரடி நடந்துட்டிருந்தா எங்களுக்கு நோட்டீஸ் வந்துரும்."

"ஆளுங்களுக்கு?"

ஜெபராஜ் மேசையில் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார். "அவங்க விரும்பி வர்றாங்க. பலகைல எல்லாம் எழுதியிருக்குது. கைரேகை வெக்கறாங்க. சாப்பாடு போடறோம்."

தமிழில் ஏன் எழுதவில்லை என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குப் பதில் முன்னமே கிடைத்துவிட்டது. தனியாக வருகிறவர்களிடமிருந்து புகாரே வந்ததில்லையா என்று மட்டும் கேட்டாள்.

"யாருகிட்ட சொல்லுவாங்க?" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. "ராத்திரி தூங்காம நடந்தா பாக்கறதுக்கு வீட்டுல ஆள் இருந்தாத்தானுங்க புகார் வரும்."

தன்னிடமிருப்பதை எடுக்க முடியுமா என்றாள். தாராளமாக, குடும்பத்தோடு குடும்ப வரிசையில் வந்தால் இறங்கிவிடும் என்றார். பிறகுதான் அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்: பாதம், புண், வெள்ளிக்கிழமை. ஜெபராஜ் கணினியில் எதையோ பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தீபாவளியும் சட் பூஜையும் சேர்ந்து வந்ததில் தனி வரிசையே காலி. ஞாயிறோடு பீகார் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதபோது குடும்பங்களை உட்காரவைக்க அனுமதி கிடையாது. ஊருக்குப் போனவர்கள் திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும்.

"அப்பறம் ஆளுக்குப் பஞ்சமே இருக்காதுங்க" என்றார்.

அதைக் கேட்டதும் சிந்துஜாவின் மனம் ஒரு கணம் லேசானது. மூன்று வாரம் எப்படியாவது தள்ளிவிட்டால் போதும் என்று தோன்றியது. அடுத்த கணம் அந்த லேசான மனத்தையே அவள் திரும்பிப் பார்த்தாள். ஆள் என்று நினைத்தபோது மிதிலேஷ் வந்து நின்றான். அம்மா முகத்தைப் பார்க்கப் போயிருக்கிறான். அங்கேயும் அவன் வீட்டு முற்றத்தில் இரவெல்லாம் நடந்துகொண்டிருப்பான். அவன் அம்மா விழித்திருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவனுக்கு ஒட்டியிருப்பது எந்த வீட்டுப் பையனின் பழக்கமோ. பெயர் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்பதும் இருந்தது.

"ஆளு நாங்களே கூட்டிட்டு வந்தா?"

ஜெபராஜ் நிமிர்ந்தார். விதியில் அதற்குத் தடையில்லை என்று மெதுவாகச் சொன்னார். காலையில் குடும்பம் கரடிக்கு எதிரில் உட்காரும். மத்தியானம் அந்த ஆள் உட்கார வேண்டும்.

"ஆனா உங்கப்பாவுது சின்னதில்லைங்க. பாதி ஆயுசு. வழக்கமா இருவது முப்பது பேருக்குப் பிரிச்சுக் குடுப்போம். ஒரே ஆளுன்னா..."

"என்ன ஆகும்?"

"நடப்பாங்க."

வெளியே வரும்போது இரண்டு வரிசைகளையும் நின்று பார்த்தாள். ஒன்றில் மெத்தை நாற்காலிகள், மின்விசிறிகள், சிரிக்கும் குரங்கு படம். அங்கிருந்து பார்த்தால் மற்ற வரிசையை மறைத்து ஒரு பச்சைத் தட்டி கட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் தட்டிக்கு மறுபக்கம் நின்றிருக்கிறாள். இரு பக்கமும் ஒன்றை ஒன்று பார்க்காதபடி யாரோ யோசித்து அளந்து கட்டியிருந்தார்கள். அவளைப் போலவே முறையாக வேலை செய்கிற யாரோ.

வீட்டுக்கு வந்தபோது அப்பா பெருமாநல்லூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். கட்டுக்கு மேல் புதிய கட்டு, அதிலும் கசிந்திருந்தது. செருப்பைக் கழற்றியவள் அப்படியே கூடத்துக்குள் நடந்தாள். டிவிக்குப் பக்கத்தில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். நந்தகோபால் ஒதுங்கி, சுவரோடு ஒட்டி வழிவிட்டார். எதிரில் வரும் பஸ்ஸின் டிரைவருக்குக் காட்டுவது போல ஒரு கையை லேசாக உயர்த்தினார்.

"போ சாமி. பெரிய வண்டி உன்றதுதான்."

அவள் சிரித்தாள். முன்வாசல்வரை போய்த் திரும்பினாள். மறுபடி எதிரெதிரே. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அவள் கை விரல்களைப் பார்த்தார், பிறகு முகத்தை.

"ஏஞ்சாமி, நீயும் உக்காரலயா?"

"பஸ்ல உக்காந்துதாம்ப்பா வந்தேன்."

அது பொய் என்பது பஸ் ஓட்டியவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நிற்க அவரால் முடியவில்லை, பூலுவபட்டி அழைத்துக்கொண்டிருந்தது. போகிற போக்கில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கோகிலவாணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். மகள் சொல்லப்போவதற்கு முன்பே அவள் முகத்தில் கெஞ்சல் வந்துவிட்டது.

"போறமா சாமி? நல்ல எடந்தான அது?"

உண்மையைச் சொன்னால் அம்மா என்ன செய்வாள் என்பது சிந்துஜாவுக்குத் தெரியும். சேலையை மாற்றிக்கொண்டு தானே போய் அந்த இரண்டாவது வரிசையில் நிற்பாள். அப்பா உட்கார்ந்துவிடுவார், அம்மா நடப்பாள். அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கிறது. அம்மாவுக்கும் இரண்டு பாதங்கள்தான்.

"நல்ல எடம்தாம்மா. சுத்தமா இருக்குது" என்றாள். "நாளைக்கே போலாம்."

கோகிலவாணி நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கரடி மூடிய மாதிரியே இருந்தது. பிறகு நீ எங்கே உட்காருவாய், நான் உன் பக்கத்திலா அப்பா பக்கத்திலா, என்ன சேலை கட்டட்டும், புளிசாதம் கட்டிக்கொள்ளலாமா என்று அடுக்கினாள். எனக்கு அங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது, நீங்கள் இருவரும் உட்காருங்கள், சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்றாள் சிந்துஜா. மாலை வகுப்பு என்ன ஆகும் என்று அம்மா கேட்கவில்லை. நுண்நோக்கியை நின்றுகொண்டு பார்க்க முடிந்தவர்கள் யாரையும் அவளுக்குத் தெரியாது.

பொழுது சாயும் நேரத்தில் ஃபிரிட்ஜின் தலையில் நோட்டை விரித்தாள். இடது கை தன் போக்கில் சுண்டுவிரலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் அப்பா கடந்து போனார், திரும்பி வந்தார், கடந்து போனார். அவர் நின்று நின்று போகிற இடங்களைக் காதாலேயே அவள் தெரிந்துகொண்டாள். நாளை இந்நேரம் அந்த நிறுத்தங்கள் எல்லாம் தனக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. எழுதினாள்.

நவம்பர் 10, செவ்வாய். நேற்று எழுதியதில் ஒரு பிழை. வரிசை எத்தனை என்பதால் முடிவு மாறாது என்று எழுதியிருந்தேன். மாறுகிறது. ஞாயிற்றுக்கிழமை எழுதிய தீர்ப்பை அடிக்கவில்லை. நிழல், தண்ணீர், சுத்தம் எல்லாம் எழுதியபடிதான் இருக்கின்றன. மிருகங்கள் நிம்மதியாகவே இருக்கின்றன. குடும்பத்தோடு போகத் தக்க இடம். குடும்பத்தில் ஒருவர் மட்டும் தட்டிக்கு மறுபக்கம் நிற்க வேண்டும்.

நாளை: காலையில் அப்பாவையும் அம்மாவையும் குடும்ப வரிசையில் உட்காரவைக்க வேண்டும். மத்தியானம் நான் மற்ற வரிசையில் போய் நிற்க வேண்டும்.